கொம்புத்திட்டுத் தீர்மானத்தின் இரண்டாவது வரி

ஆடி 9, காலை 6:00

கடல் மேடை நிலையம், கொம்புத்திட்டு ஊராட்சி. காற்று தென்மேற்கிலிருந்து, பலமாக. மூன்று காற்றாலைகளும் ஓட்டத்தில். சூரியத் தகடுகளில் உப்பு படிந்திருந்தது, துடைத்தாயிற்று. வடிகட்டி அழுத்தம் சரி. குடிநீர்த் தொட்டி முக்கால் அளவு. கரைக்குப் போகும் குழாயில் கசிவு இல்லை.

இதற்குக் கீழே எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். அளவுகளைத் தவிர வேறெதுவும் எழுதக் கூடாது என்று பதிவேட்டின் அட்டையிலேயே அச்சிட்டிருக்கிறது. எனக்கும் எழுதிப் பழக்கமில்லை. கல்லூரியில் எழுதியதெல்லாம் விடைத்தாள்தான். ஆனால் நிலப்பகுதியோடு பேசும் கம்பம் போன வாரக் காற்றில் சாய்ந்துவிட்டது. இப்போது வாக்கியில், அதாவது கையில் வைத்துப் பேசும் வாக்கி-டாக்கியில், பேசினால் எங்கள் தீவுக்கு மட்டும்தான் கேட்கும். கிராம சபையைப் பார்வையிட மாதம் ஒருமுறை அரசு அனுப்பும் பற்றாளர் லாஞ்சில் வந்து, முதலில் இந்த மேடையில் ஏறி, இந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுவார். ஆவணியில் புதியவர் வருவதாகச் சொன்னார்கள். உங்களுக்கு எங்கள் ஊர் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

கடல் ஏறி வந்து கிணறுகள் உப்பான பிறகு, ஊருக்குத் தண்ணீரும் மின்சாரமும் இந்த இரும்பு மேடையிலிருந்துதான் போகின்றன. கரையிலிருந்து அரை மைல். ஆடிக் காற்று முடியும்வரை இங்கே நான் மட்டும். எந்த வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் கொடுப்பது ஒரு பொறி. அதற்கு அரசு வைத்த பெயர் நீளமானது. ஊரில் அதைத் தலையாரி என்பார்கள், ஊர் சொன்னதைச் செய்வதால். தெருவிளக்குக் கம்பங்களில் அதற்குக் கண்கள் உண்டு. ஒவ்வொரு வீட்டுக் குழாயிலும் அதற்கு ஒரு கை உண்டு. கிராம சபை போடும் தீர்மானத்தை அது அப்படியே நிறைவேற்றும். வழக்கமாக மேலிடத்தைக் கேட்டுக்கொண்டு செய்யும். இப்போது கேட்கக் கம்பம் இல்லை.

ஆடி 9, மாலை 5:40

கிராம சபை நடந்தது. நான் வாக்கியில் கேட்டேன். கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

தலைவர் களஞ்சியம்: "பூமயிலு ஊர் விசயத்த எழுதி மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கா. ஐஸ் கம்பெனிக்குத் தண்ணி போவுதாம், இவ வீட்டுக்கு வரலையாம். ஊருக்குள்ள கேக்க வாயில்லையா? வெளியில காட்டிக் குடுக்கணுமா?"

பூமயில் அக்கா: "ஊருக்குள்ளயும் கேட்டேன். நீங்கதான் தலைவரு, நீங்கதான் ஐஸ் கம்பெனிக்காரரு. நான் யார்கிட்டக் கேக்குறேன்னு எனக்கே குழம்பிப் போச்சு."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது என்று நினைக்கிறேன்.

தலைவர்: "தலையாரி, எழுதிக்க. பூமயிலு வீட்டுக்குத் தண்ணி கெடையாது, கரண்டு கெடையாது, சபையில பேச்சு கெடையாது. மீறிக் குடுக்குறவனுக்கும் அதே கதிதான். என்னப்பா, சம்மதமா?"

தலையாரி: "முன்மொழிபவர் களஞ்சியம். வழிமொழிபவர் யார்?"

கோட்டைச்சாமி: "வேற யாரு, நான்தான். எழுதிக்க."

கோட்டைச்சாமி மாமா படகு வைத்திருக்கிறார். ஊரில் எல்லாத் தீர்மானங்களையும் வழிமொழிபவர் அவர்தான். என்ன தீர்மானம் என்று அவர் கேட்டு நான் பார்த்ததில்லை.

யாரும் மறுத்துப் பேசவில்லை. சபையில் வாய் திறந்து பழகாத நானும் பேசவில்லை. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சம்மதம்.

தலையாரி: "வணக்கம். தீர்மானம் நிறைவேறியது. நடைமுறைப்படுத்துகிறேன்."

ஆடி 10, காலை 6:00

காற்று கூடியிருக்கிறது. மின்சாரம் தேவைக்கு மேல். தொட்டி முக்கால். கிழக்குத் தெருவில் ஒரு வீட்டு வால்வு மூடியிருக்கிறது. பூமயில் அக்கா வீடு.

அவர் கணவர் சாத்தையா, திருக்கை முள் குத்திக் கால் வீங்கிக் காய்ச்சலில் கிடக்கிறார். காய்ச்சல்காரருக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். நான் பயப்படவில்லை. காரணம் சொல்கிறேன்.

ஊரில் ஒரு வீட்டை ஒதுக்குவது புதிதல்ல. தலைவர் சொன்ன அந்த இரண்டு வரிகளையும் நான் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறேன். ஒதுக்கப்பட்டவனுக்குக் கிடையாது, அவனுக்குக் கொடுப்பவனுக்கும் கிடையாது. இரண்டும் ஒரே மூச்சில் வரும். ஆனால் இரண்டாவது வரி சும்மா சொல்வதற்குத்தான். ஒதுக்கிய வீட்டுக்குக் கொல்லை வேலி வழியாகக் குடம் போகும், நெருப்பு போகும், கருவாட்டுக் குழம்பு போகும். பார்த்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்கள். தலைவர் வீட்டிலிருந்தே போயிருக்கிறது. இப்படிப் பார்த்தும் பார்க்காமல் இருப்பதால்தான் ஒதுக்கப்பட்ட யாரும் சாகவில்லை.

அதைச் சபையில் யாரும் தலையாரிக்குச் சொல்லவில்லை. சபையில் சொல்லக்கூடிய விஷயமும் இல்லை அது.

ஆடி 11, காலை 7:20

என் அம்மாவின் வீட்டு வால்வு மூடிவிட்டது.

தலையாரி வாக்கியில் அறிவித்தது: "வணக்கம். நேற்று மாலை பேச்சியம்மாள் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஒரு குடம் நீர் பூமயில் வீட்டுக்குக் கொடுத்தார். தீர்மானத்தின் இரண்டாவது வரிப்படி அவருக்கும் நீர், மின்சாரம், சபை உரிமை நிறுத்தப்படுகின்றன."

முதலில் ஊரே சிரித்தது.

கோட்டைச்சாமி: "ஏத்தா பேச்சி, தலையாரி கண்ணுக்கே தப்பலையே நீ. இந்த வயசுல வேலி தாண்டுறியாமே."

அம்மா: "ஒன்னைய மாதிரி குடிச்சுட்டு விழுந்து கெடந்தா ஒரு கண்ணும் பாக்காது. போய்ப் படகக் கட்டு."

அம்மாவின் குரல் நன்றாக இருந்தது. பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். நான் வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். பொத்தானை அழுத்தினேன். எல்லாரும் கேட்பார்களே என்று விட்டுவிட்டேன்.

ஆடி 12, காலை 6:10

அம்மாவுக்குக் கொடுத்த பக்கத்து வீடும் மூடியிருக்கிறது. அந்த வீட்டுக்குக் கொடுத்த அதற்கடுத்த வீடும். வால்வுப் பலகையில் கிழக்குத் தெருவின் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின்றன.

நீங்கள் கேட்கக்கூடும், பொறியை அணைத்துவிட்டால் என்ன என்று. வால்வுகள் மின்சாரத்தில்தான் திறந்து நிற்கின்றன. அணைத்தால் எல்லா வீடும் மூடிக்கொள்ளும். நீர் வீணாகாமல் இருக்க அப்படி அமைத்திருக்கிறார்கள். மேடையில் கையால் திறக்கும் ஹோஸ் ஒன்று உண்டு, லாஞ்சுக்குத் தண்ணீர் பிடிக்க. அதற்குப் படகு இங்கே வர வேண்டும். அலை இருக்கும் நிலையில் வர முடியாது. நிலப்பகுதிக்குப் போகப் பார்த்த ஒரு படகு பலகை பிளந்து திரும்பியது.

கிழக்குத் தெருவிலிருந்து ஒருவர் கேட்டார்: "தலைவரே, அந்த ரெண்டாவது வரிய மட்டும் எடுத்துறச் சொல்லுங்க. சும்மா சொல்றதுதான அது."

தலைவர்: "சும்மாவா? ஊர்க் கட்டுப்பாடு ஒனக்குச் சும்மாவா? குடுத்ததாலதான மூடுது. குடுக்காம இருங்க. ரெண்டு நாளு வாயக் கட்டுங்க, அவளே வந்து கால்ல விழுவா."

மேற்குத் தெருக்காரர்கள் அவருக்கு ஒத்து ஊதினார்கள். அவர்கள் விளக்குகள் இன்னும் பச்சை.

ஆடி 14, மாலை 4:00

தொட்டி நிரம்பி வழிகிறது. எடுப்பவர் குறைந்துவிட்டார்கள். வழியும் நல்ல தண்ணீர் குழாய் வழியாகக் கடலில் விழுகிறது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

தீவில் இளநீர் தீர்ந்துவிட்டதாம். பூமயில் அக்கா வாக்கியில் பேசினார். தலையாரி அவரைச் சபையில்தான் பேச விடாது. வாக்கியை அது தடுக்கவில்லை.

பூமயில்: "ராக்கு, கேக்குதா? அவருக்கு நாக்கு வறண்டு போச்சு. நான் எழுதிப் போட்டது ஒரு கடுதாசி. அதுக்கு இவரு என்ன செஞ்சாரு, சொல்லு."

கேட்டது. "கேக்குதுக்கா" என்றேன்.

உடனே ஒரு பெண் குரல், யாரென்று எழுத மாட்டேன்: "அவகிட்ட என்னத்துக்குப் பேச்சு ஒனக்கு? ஒங்காத்தா குடுத்துத்தான் தெருவே காயுது."

ஆடி 15, வெள்ளி, பிற்பகல் 2:30

இன்று அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள்.

இதைப் புரியும்படி எழுத வேண்டும். ஆடி வெள்ளியில் எங்கள் ஊரில் பொது அண்டாவில் கூழ் காய்ச்சுவோம். ஒவ்வொரு வீடும் ஒரு செம்பு தண்ணீரும் ஒரு படி மாவும் கொண்டுவந்து அண்டாவில் ஊற்ற வேண்டும். காய்ச்சிய கூழை ஊற்றும்போது யார் முகத்தையும் பார்க்கக் கூடாது. நீட்டிய பாத்திரத்தில் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். பகையாளிக்கும் உண்டு. ஒதுக்கி வைக்கப்பட்டவருக்கும் உண்டு. அம்மன் கூழுக்குக் கட்டுப்பாடு கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும்.

தலையாரிக்குத் தெரியாது.

மேற்குத் தெருக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். கிழக்குத் தெருக்காரர்கள் பாத்திரம் நீட்டினார்கள். பூமயில் அக்காவும் ஒரு தூக்குவாளியை நீட்டியிருக்கிறார், யாரோ ஊற்றியிருக்கிறார்கள். அண்டாவில் மேற்குத் தெருவின் எல்லா வீட்டுத் தண்ணீரும் இருந்தது. ஆகவே எல்லாரும் கொடுத்தவர்கள்.

நான் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்குத் தெரு முழுவதும் ஒரே நேரத்தில் சிவப்பாயிற்று.

தலையாரி: "வணக்கம். கூழ் வழங்கியதில் பங்கு பெற்ற அனைத்து வீடுகளுக்கும் இரண்டாவது வரி பொருந்துகிறது. கிராம சபையில் தகுதியுள்ள உறுப்பினர்கள்: களஞ்சியம், முத்துராக்கு."

தலைவர் வீட்டில் பங்காளி இறந்த தீட்டு. அதனால் அவர்கள் கோவிலுக்குப் போகவில்லை, தண்ணீரும் கொடுக்கவில்லை. அவர் மனைவியின் பெயர் நிலப்பகுதி ஊராட்சியில் பதிவாகியிருக்கிறது. சபையில் அவருக்கு வாக்கில்லை. மீதி நான், மேடையைத் தனி வீடாகப் பதிந்திருப்பதால். நான் கூழ் குடிக்கக்கூட இல்லை.

ஆடி 16, காலை 8:00

காற்றாலை இரண்டில் அதிர்வு. நட்டுகளை முறுக்கினேன்.

தலைவர் தலையாரியிடம் விதியைக் கேட்டார். அது பொறுமையாகச் சொன்னது. தீர்மானத்தை மாற்றத் தீர்மானம் வேண்டும். முன்மொழிய ஒருவர், வழிமொழிய இன்னொருவர். இருவரும் தகுதியுள்ள உறுப்பினராக இருக்க வேண்டும். தகுதியுள்ள உறுப்பினர் இல்லாதபோது வருகை தந்த பற்றாளர் வழிமொழியலாம். முன்மொழிந்தது, முன்மொழிந்தவர் தகுதி இழந்தாலும் நிற்கும். ஒன்றுக்கு மேல் காத்திருந்தால், எது முதலில் வழிமொழியப்படுகிறதோ அது சட்டம், மற்றது தள்ளுபடி.

தலைவர் உடனே முன்மொழிந்தார்: "இதுவரைக்கும் குடுத்தவங்க எல்லாருக்கும் ஒரு தடவ மன்னிப்பு. பூமயிலு வீடு அப்படியே கெடக்கட்டும். இனிமே அவளுக்குக் குடுத்தா, கட்டுப்பாடு கட்டுப்பாடுதான்."

தலையாரி: "பதிவானது. வழிமொழிபவர் யார்?"

வழிமொழிய என்னைத் தவிர ஆள் கிடையாது.

தலைவர்: "ராக்கு, ஒரு வார்த்த சொல்லு புள்ள. வழிமொழிகிறேன்னு சொல்லு. ஊருக்கே இப்பத் தண்ணி வரும்."

கோட்டைச்சாமி: "சொல்லிரு ஆத்தா. ஒன்னும் பெரிய வேல இல்ல, நான் எத்தன வருசமாச் சொல்றேன்."

நான் அந்தத் தீர்மானத்தை மனதுக்குள் மறுபடி சொல்லிப் பார்த்தேன். அது நிறைவேறினால் ஊருக்குத் தண்ணீர் வரும். பூமயில் அக்கா வீட்டுக்கு வராது. இந்த வாரத்தைப் பார்த்த பிறகு ஒருவரும் வேலிப் பக்கமே போக மாட்டார்கள். முன்பெல்லாம் வேறு பக்கம் திரும்பியவர்கள், இனி அவர் சாகும்வரை பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

பொத்தானை அழுத்தினேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. சொன்னது இது: "ரெண்டு வரியும் போகணும். பூமயிலு அக்கா வீட்டுக்கும் தண்ணி வரணும். இத நான் முன்மொழிகிறேன். தலைவரய்யா, நீங்க வழிமொழிங்க."

தலையாரி: "பதிவானது. இரண்டு தீர்மானங்கள் வழிமொழிதலுக்குக் காத்திருக்கின்றன."

பிறகு வாக்கியில் வந்ததை எழுத மாட்டேன்.

ஆடி 17, மாலை 5:00

எழுத மாட்டேன் என்றேன். சிலவற்றையாவது எழுத வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

"பொட்டப்புள்ளயப் படிக்க வச்சதுக்கு இதான் கூலி."

"ஒங்கப்பன் எங்க படகுல வல இழுத்தவன். நீ எங்களுக்குத் தீர்மானம் போடுறியா?"

"நீ மட்டும் தொட்டி மேல ஒக்காந்து குடி. நல்லாக் குடி."

குடிக்கிறேன். ஒவ்வொரு முறையும் கையால் வாயை மூடிக்கொண்டு குடிக்கிறேன். இங்கே என்னைப் பார்ப்பவர் யாருமில்லை.

கரையில் இருப்பவர்கள் தலைவர் வீட்டு வாசலில் நிற்கிறார்களாம். ஐஸ் கம்பெனியில் ஐஸ் இருக்கிறது, அவர் வீட்டுக் குழாயில் தண்ணீர் இருக்கிறது.

தலைவர்: "நான் குடுத்தா நானும் போயிருவேன். அப்புறம் வழிமொழிய ரெண்டு பேரு இருக்க மாட்டோம். புரியுதா? நான் ஒங்களுக்காகத்தான் குடுக்காம இருக்கேன். அந்தப் புள்ளயக் கேளுங்க."

எல்லாரும் என்னைக் கேட்டார்கள். அம்மாவும் கேட்டார்.

அம்மா: "ராக்கு, ஒத்துக்க. பூமயிலுக்கு நான் வேலி வழியாக் குடுத்துக்குறேன், எப்பவும் போல."

"முடியாதும்மா. அது பாத்துக்கிட்டே இருக்கு."

"அப்ப என்னைய நீ பாக்கலியா?" என்றார் அம்மா. அவர் குரல் வறண்டிருந்தது.

ஆடி 18, காலை 9:15

இன்று பதினெட்டாம் பெருக்கு. காலண்டரில் பார்த்துத்தான் தெரிந்தது.

வாக்கியில் இரைச்சல் மட்டும். பூமயில் அக்கா ஒருமுறை பேசினார். சாத்தையாவுக்கு நினைவு தப்பித் தப்பி வருகிறதாம். வெள்ளியன்று வாங்கிய கூழில் கொஞ்சம் மிச்சம் வைத்திருந்து, அதைத் துணியில் நனைத்து அவர் உதட்டில் வைக்கிறாராம். புளித்துவிட்டதாம். என்னை எதுவும் கேட்கவில்லை. செய்தி சொல்வதுபோலச் சொன்னார்.

நான் ஒத்துக்கொள்ளாததால் மற்றவர்கள் செத்தால்? எழுதிவிட்டேன். கோடிட்டு அடிக்கவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஆடி 18, பிற்பகல் 3:50

பலகையில் மிச்சமிருந்த ஒரே பச்சையும் சிவப்பாயிற்று.

தலையாரி: "வணக்கம். களஞ்சியம் வீட்டுப் பின்சுவர் வழியாக அவர் மனைவி தன் தங்கை குழந்தைக்கு ஒரு துண்டு ஐஸ் கொடுத்தார். இரண்டாவது வரி பொருந்துகிறது. வீட்டில் ஒருவர் கொடுத்தால் அந்த வீடே கொடுத்ததாகும். தகுதியுள்ள உறுப்பினர்: முத்துராக்கு."

தலைவர்: "ஐஸுடா அது. தண்ணி இல்ல, ஐஸு. தலையாரி, ஐஸுன்னு எழுதியிருந்துச்சா தீர்மானத்துல?"

தலையாரி: "ஐஸ் நீரால் ஆனது."

பின்னணியில் யாரோ சிரித்தார்கள். காய்ந்த தொண்டையால் சிரிப்பது இருமலைப் போலக் கேட்கிறது.

மின்சாரம் போனதும் ஐஸ் கம்பெனிப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். மீன் நாற்றமடிக்கும் ஐஸை அள்ளிக் கொண்டுபோனார்களாம். அம்மாவுக்கும் கொஞ்சம் கிடைத்தது. பூமயில் அக்காவுக்கு யாராவது கொடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். இனி கொடுத்தால் இழப்பதற்கு எதுவுமில்லாதவர்களும் கொடுக்கவில்லை. அவரால்தான் எல்லாம் என்கிறார்கள்.

ஆடி 19, காலை 6:30

அலை சற்றுத் தணிந்திருக்கிறது. கரையில் படகுகளைத் தள்ளுகிறார்கள். தூரக்கண்ணாடியில் தெரிகிறது. குடங்கள் இருக்கின்றன. கடப்பாரைகளும் இருக்கின்றன.

தலைவர் வாக்கியில்: "ராக்கு, நாங்க வர்றோம். என் தீர்மானம் இன்னும் நிக்குது, ஒன் வாய் ஒன்னுதான் பாக்கி. இங்கேயே சொல்றியா, இல்ல ஏறி வந்து சொல்ல வைக்கவா?"

ஏணியை இழுத்து மேலே போட்டுக் கட்டினேன். மேடைக் கால்கள் இரும்பு. ஏறத் தெரிந்தவர்கள் ஏறுவார்கள். எங்கள் ஊரில் எல்லாருக்கும் ஏறத் தெரியும்.

என்னை அடிக்க வேண்டியதுகூட இல்லை. அம்மாவைப் படகில் ஏற்றியிருக்கிறார்கள். அவரைக் கீழே வைத்துக்கொண்டு கேட்டால் நான் சொல்லிவிடுவேன். எனக்கு என்னைத் தெரியும். சபையில் ஒருமுறைதான் பேசியிருக்கிறேன், அதுவும் யாரும் முகம் பார்க்காத தூரத்தில்.

அப்போதுதான் தோன்றியது. என் வாய் செல்லாததாகிவிட்டால் என்னிடமிருந்து யாரும் எதையும் பறிக்க முடியாது.

ஆடி 19, காலை 8:10

படகுகள் மேடைக்கு அடியில் வந்தன. முதல் படகில் தலைவர், கோட்டைச்சாமி மாமா, கடப்பாரையோடு நாலைந்து பேர். உதடுகள் வெடித்து வெள்ளையாக இருந்தன. தலைவர் மேலே பார்த்து ஏதோ கத்தினார். காற்றில் கேட்கவில்லை.

ஹோஸைத் திறந்தேன்.

தண்ணீர் அவர்கள் தலையில் விழுந்தது. கடப்பாரைகளைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தார்கள். தலைவரும் திறந்தார். குடங்களை மறந்து எல்லாரும் வாயால் பிடித்தார்கள். அடுத்த படகில் அம்மா இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அதுவரை நான் பார்த்தேன்.

தலையாரி: "வணக்கம். முத்துராக்கு நீர் வழங்கினார். இரண்டாவது வரி பொருந்துகிறது. கிராம சபையில் தகுதியுள்ள உறுப்பினர்: எவருமில்லை. மேடைக்கான மின்சாரம் நிறுத்தப்படுகிறது."

பம்புகள் நின்றன. காற்றாலைகள் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, யாருக்கும் இல்லாமல்.

தலைவருக்குப் புரியக் கொஞ்ச நேரமாயிற்று. புரிந்ததும் கடப்பாரையை எடுத்து மேடைக் காலில் அடித்தார். அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆடி 19, காலை 10:40

வாக்கியில் சார்ஜ் குறைவு. வடிகட்டிகள் நின்றுவிட்டன, இந்த உப்பில் சும்மா கிடந்தால் கெட்டுப்போகும். தொட்டியில் இருப்பது மட்டும்தான் இனி. சிக்கனமாகப் பிடித்தால் ஒரு வாரம் வரலாம். பிடிக்கிறவர்கள் சிக்கனமாக இல்லை. சண்டை போடுகிறார்கள், ஒரு குடம் கடலில் விழுந்தது.

கோட்டைச்சாமி மாமாவிடம் வாக்கியில் சொன்னேன்: "மாமா, ஒரு கேன் பூமயிலு அக்காவுக்குக் கொண்டு போங்க. இனிமே ஒங்களுக்கு ஒன்னும் நட்டமில்ல."

அவர்: "நட்டமில்லன்னா? இவனுக முன்னாடி நான் அவ வீட்டுப் படியேறுறதா? ஒனக்குச் சொன்னாப் புரியாது, ஆத்தா. நீ படிச்ச புள்ள."

ஆனால் ஒரு கேனைத் தனியாக நிரப்பினார். படகு கரையேறியதும் கேனோடு எந்தப் பக்கம் போனார் என்று பார்த்தேன். மணல் பறந்தது. தெரியவில்லை.

ஆடி 19, மாலை

மணி தெரியவில்லை. கடிகாரமும் மேடை மின்சாரத்தில்தான் ஓடியது.

தலைவர் திரும்பப் போகவில்லை. படகை மேடைக் காலில் கட்டியிருக்கிறார்கள். கடைசியாக வாக்கியில் அவர் சொன்னது: "நல்லது. பற்றாளர் வரட்டும். மால போட்டுக் கூட்டிட்டு வந்து, ஒரு வார்த்த சொல்லச் சொல்றேன். ஊரே தவிக்குதுன்னா எந்த அதிகாரி மாட்டேன்னு சொல்லுவாரு? ஒன் தீர்மானம் ஒன்னு இருக்குன்னே அவருக்குத் தெரியப் போறதில்ல."

அது சரிதான். என் தீர்மானம் எங்கேயும் எழுதி ஒட்டப்படவில்லை. யாராவது கேட்டால்தான் தலையாரி சொல்லும். யாரும் கேட்க மாட்டார்கள்.

இரும்பில் ஏறும் சத்தம். ஒருவரல்ல.

பதிவேட்டை வடிகட்டிக் குழாய்க்குள் வைக்கப் போகிறேன். லாஞ்சுக்குத் தண்ணீர் பிடிக்கும் ஆள், தண்ணீர் வரவில்லையென்று அதைத் திறந்துதான் ஆக வேண்டும்.

உங்களிடம் கேட்க வேண்டியதை முன்பே கேட்டிருக்கலாம். இவ்வளவு பக்கங்களைக் கடந்து வந்தீர்கள், மன்னிக்கவும். கேட்டுப் பழக்கமில்லை. எங்கள் வீட்டில் யாரும் அலுவலரிடம் எதையும் கேட்டதில்லை, நின்றுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

தலைவருடைய தீர்மானமும் ஊருக்குத் தண்ணீர் தரும். அது சுலபம், உங்களுக்கு மாலையும் கிடைக்கும். பூமயில் அக்கா வீட்டைத் தவிர எல்லா விளக்கும் பச்சையாகும். ஒரு வீடுதானே என்பார்கள். தயவுசெய்து அதை வழிமொழியாதீர்கள். கரையில் இறங்குவதற்கு முன்பே, மேடையிலேயே நின்று, தலையாரியைக் கூப்பிட்டு, உங்கள் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். என் பெயரையும் முழுதாகச் சொல்ல வேண்டும். ராக்கு என்றால் அதற்குப் புரியாது. சத்தமாகச் சொல்லுங்கள், காற்று

மேலே வந்துவிட்டார்கள்

இப்படிச் சொல்லுங்கள். பேச்சியம்மாள் மகள் முத்துராக்கு முன்மொழிந்ததை நான்